கோழி அடைப்புக்கு மழைக்கூரை: கூரையைக் கடைசியில் போடுங்கள்

ஒரே ஆண்டுக்குள் எங்கள் கோழி அடைப்புக்கு மூன்று கூரை போட்டேன். 2022 ஐப்பசியில் போட்ட தார்ப்பாய்க் கூரை, தண்ணீர் தேங்கிக் கனம் தாங்காமல் இறங்கியது. அந்தக் கார்த்திகையிலேயே போட்ட கிடுகுக் கூரை மறு ஆடியில் காற்றோடு போனது. 2023 ஆவணியில் போட்ட மூன்றாவது இன்றும் நிற்கிறது. முதல் இரண்டிலும் தொலைத்தது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிறேன். 20 சிறுவிடைக் கோழிகள், அவை இரவில் அடைய ஒரு கூடு, பகலில் உலாவ 20 அடிக்கு 10 அடியில் ஒரு வலையடைப்பு. கூட்டில் ஒரு குறையும் இல்லை. அடைப்புதான் தொல்லை. ஐப்பசியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் தரை எச்சமும் சேறுமாகக் குழைந்துவிடும். இரத்தக் கழிச்சல் வருவது அந்த ஈரத்தில்தான். அந்தக் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். தரை காய்ந்திருந்தால் அதற்கு வழியில்லை. வளர்ந்த கோழி மழையில் நனைந்தால் சிலிர்த்து உதறிக்கொண்டு போய்விடும். நாம் காப்பாற்ற வேண்டியது தரையை. இது பிடிபட எனக்கு இரண்டு கூரை செலவானது.

தொடங்கும் முன் இன்னொன்று. இணையத்தில் கோழி அடைப்புக்குக் கூரை என்று தேடினால் வருபவை பெரும்பாலும் பனி கொட்டும் நாட்டு வீடியோக்கள். அங்கே வலையின் மேல் பனி படிந்து, கனத்தில் வலையே கிழிந்து இறங்குமாம். அதற்காகக் கூரையைச் செங்குத்தாகத் தூக்குகிறார்கள், நடுவில் முட்டுக் கொடுக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கிற ஈரம்தான் (அதுவும் ஒரு தொல்லை, பிறகு வருகிறேன்). அவர்கள் கூரை கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் கூரை மேலே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. கடைக்குப் போகும் முன் காற்றைப் பாருங்கள்

திருநெல்வேலிச் சீமையில் காற்று வரும் திசை வேறு, மழை வரும் திசை வேறு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அது எப்படி அடிக்கும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழை வருகிறது, அதுவும் சாய்வாக. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும்: அங்கே ஆனி, ஆடியில் காற்றோடு சாரலும் மேற்கிலிருந்து வந்துவிடும்.

நான் கடைசியில் வந்து சேர்ந்த அமைப்பு இது. அடைப்பின் நீளவாக்கு கிழக்கு மேற்கு. கூரை ஒரே பக்கச் சாய்வு: வடக்கே தாழ்ந்து 6 அடி, தெற்கே உயர்ந்து 8 அடி. வடக்கே இறவாரம் தாழ்வாக நீண்டிருப்பதால் வாடைமழை உள்ளே நுழைவதில்லை. தெற்கே உயரம் இருப்பதால் கார்த்திகை, மார்கழியில் தெற்குப் பக்கம் சாய்ந்து போகும் வெயில் உள்ளே விழுந்து தரையைக் காயவைக்கிறது. மேற்குப் பக்கத்தை மட்டும் ஆனி, ஆடிக்கு ஓலைத் தட்டியால் அடைக்கிறேன். நீங்கள் தென்காசிப் பக்கம் என்றால் அந்தத் தட்டி சாரல் காலம் முழுக்கவும் இருக்கட்டும், மேற்கு இறவாரத்தையும் ஓரடி கூட்டிக்கொள்ளுங்கள்.

முழு அடைப்பையும் மூட வேண்டியதில்லை. 20 அடியில் கூட்டை ஒட்டிய 14 அடியை மூடினேன். மீதி 6 அடி வலைக்குக் கீழே வெறும் வானம். மழை விட்டதும் கோழிகள் அங்கே போய்த்தான் புழு கிளறுகின்றன.

2. எல்லையும் காகிதங்களும்

வீட்டுக் கோழிக்கு என்ன காகிதம் என்று நானும் சிரித்தவள்தான். என் முதல் கூரையின் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சித்தியின் சுவரில் விழுந்தது. சித்தி நேரில் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் எல்லோரிடமும் சொன்னார். கூரைத் தண்ணீர் உங்கள் மனைக்குள்தான் விழ வேண்டும். ஆகவே முதலில் எல்லையைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கிராம நத்தம் என்றால் நத்தம் பட்டாவைத் தேடுங்கள். இறவாரத்தின் நுனி எல்லையிலிருந்து குறைந்தது மூன்றடி உள்ளே இருந்தால் வம்பு வராது.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, வெல்டிங் வைக்காமல் போல்ட், நட்டில் மாட்டுங்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே வார்டு அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் மனுக் கொடுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

அடைப்பில் பல்பு போட, தோட்டத்துப் பம்புக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பிலிருந்து கம்பி இழுக்காதீர்கள். அது பம்புக்காகக் கொடுத்தது. வீட்டு இணைப்பிலிருந்து இழுங்கள்.

மானியம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 20 கோழி வளர்ப்பவருக்கு மானியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் 50 சதவீத மானியத் திட்டம் 250 நாட்டுக்கோழிகள் கொண்ட பண்ணைக்கானது. அதற்குக் குடியிருப்பை விட்டு விலகி 625 சதுர அடி நிலம், ஆதார், சிட்டா அடங்கல், மீதிப் பாதிப் பணத்துக்கு வங்கிக் கணக்கு விவரம், பண்ணையை மூன்று ஆண்டு நடத்துவதாக உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். அறிவிப்பு ஆண்டுதோறும் வருவது. எந்த ஆண்டில் என்ன நிபந்தனை என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அந்த எண்ணம் இருந்தால் தேர்வாகும்வரை ஒரு குழாய்கூட வாங்காதீர்கள். கட்டி முடித்துவிட்டுப் போய் நிற்பவருக்குப் பேச ஒன்றும் இருக்காது.

3. தரையை உயர்த்துங்கள்

கூரைக்கு முன் தரை. இதை மாற்றிச் செய்ததுதான் என் பெரிய பிழை. தலைக்கு மேல் சொட்டுக்கூட ஒழுகாத கூரையின் கீழே, வெளியிலிருந்து தரையோடு தரையாக வந்த தண்ணீரில் கோழிகள் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மூடப்போகும் 14 அடிக்கு 10 அடியைச் சுற்றி ஒரே வரிசை ஹாலோ பிளாக் வையுங்கள். சுற்றளவு 48 அடி, ஏறக்குறைய 36 கல் ஆகும். உள்ளே அரையடி உயரத்துக்குச் சரள் மண் நிரப்பித் தண்ணீர் தெளித்து இடியுங்கள். ஒரு டிராக்டர் லோடு போதும், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதைத் திறந்த 6 அடிப் பகுதியில், கூட்டை விட்டு வெளியே சரிகிற மாதிரி பரப்பிவிடுங்கள்.

குளத்து மண் சும்மா கிடக்கிறதே என்று நினைப்பு வரும். எனக்கும் வந்தது. அள்ளுவதற்குத் தாசில்தார் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அது வண்டல், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயலுக்குப் பொன், கோழித் தரைக்குக் கேடு.

சரளின் மேல் மூன்று நான்கு அங்குலம் நெல் உமி போடுங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து ஆலைகளில் சாக்குக் கணக்கில் கிடைக்கும். கடலைத் தோலும் நல்லதுதான். வைக்கோல் வேண்டாம், ஈரம் பட்டால் கட்டியாகிப் பூஞ்சணம் பிடிக்கிறது. உமி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் லேசாகச் சேர்ந்து உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசு இல்லை, மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை செய்யுங்கள்.

4. தூண்கள்

2 அங்குல ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 20 அடி நீளத்தில் மூன்று வாங்குங்கள். ஒவ்வொன்றையும் 10 அடி, 8 அடி என்று அறுத்தால் தெற்குக்கு மூன்று தூண், வடக்குக்கு மூன்று தூண். தூணுக்குத் தூண் 7 அடி. மண்ணுக்குள் போவது 2 அடி.

குழியில் இறக்கும் முன் ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு சாண் கம்பித் துண்டைக் குறுக்கே பற்றவைக்கச் சொல்லுங்கள். வெல்டர் "எதற்கு?" என்று கேட்பார். சொல்லுங்கள். ஆடிக்காற்று கூரைக்குக் கீழே புகுந்து தூக்கும்போது, வழுவழுப்பான குழாய் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கிடுகுக் கூரை சவுக்குக் கம்போடு பறந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்ததைத் தெருவே பார்த்தது. கம்பை மண்ணில் ஒன்றரை அடி ஊன்றிச் செங்கல் துண்டு போட்டு இடித்திருந்தேன். போதவில்லை.

குழி ஓரடி அகலம், இரண்டடி ஆழம். ஆறு குழிக்கும் சேர்த்து இரண்டு மூட்டை சிமெண்ட் பிடிக்கும். சங்கரன்கோவில், மானூர்ப் பக்கம் போலக் கரிசல் மண் என்றால் மூன்றடி தோண்டி, அடியில் ஓரடி மணலும் சரளும் போட்டு அதன் மேல் கான்கிரீட் போடுங்கள்; கரிசல் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது தூணைச் சாய்த்துவிடும். கான்கிரீட் போட்ட பிறகு ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஏழு நாளும் வெல்டர் "ஷீட்டை ஏற்றிவிடலாமா?" என்று கைப்பேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார். வேண்டாம்.

5. எதைக் கூரையாகப் போடுவது

தார்ப்பாய்: கூரைக்கு வேண்டாம், எத்தனை கனமான தார்ப்பாயாக இருந்தாலும். நான் 14 அடிக்கு 10 அடி பாயை ஏறக்குறையச் சமமாகக் கட்டியிருந்தேன். அந்தப் பரப்பில் 3 செ.மீ. மழை தேங்கினால் கிட்டத்தட்ட 400 லிட்டர், அதாவது 400 கிலோ. நடுவில் பை மாதிரி தொங்கி, விடியற்காலையில் வலையோடு இறங்கியது. கோழிகள் கூட்டில் இருந்ததால் பிழைத்தன.

கிடுகும் பனையோலையும்: குளுமைக்கு இவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஓலைக்கு நல்ல சரிவு வேண்டும். தகரத்துக்குப் போதுமான சாய்வில் ஓலையைப் போட்டால் தண்ணீர் ஓடாமல் ஊறி, ஒரே மழையில் மக்கத் தொடங்கும். தென்னங்கிடுகு ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. பனையோலை அதைவிட உழைக்கும், ஆனால் வேயத் தெரிந்த ஆள் கிடைக்க வேண்டும். எலியும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். பனங்கை (கூரைச் சட்டத்துக்கான பனைமரக் கட்டை) வேண்டும் என்று நிற்கும் மரத்தில் கைவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கை கிடைக்கும், அதை வாங்கலாம். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால் ஓலைதான் வழி: சரிவை நன்றாகக் கூட்டுங்கள், மேலே குறுக்காகக் கயிறு போட்டு இரு பக்கமும் கல் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ்: பழையது மலிவாக வருகிறது என்று வாங்காதீர்கள். அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, உடைந்த துண்டைப் போடவும் இடம் கிடையாது.

கலர் ஷீட் (நிறம் பூசிய தகரம்): நான் போட்டது. 0.45 மி.மீ. கனம், 13 அடி நீளம், ஐந்து. வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுங்கள். அடர் நீலம் பார்க்க அழகு, சித்திரையில் அடுப்பு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 0.45 என்று சொல்லி 0.35 கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. எடை போடச் சொல்லுங்கள். நான் வாங்கிய அகலத்தில் 13 அடி ஷீட் 0.45 கனத்தில் 16, 17 கிலோ இருக்க வேண்டும். 13 கிலோதான் வருகிறது என்றால் அது 0.35. நான் முதலில் போன கடையில் எடை என்றதும் முகம் மாறியது. அடுத்த கடை அண்ணாச்சி கேட்காமலே தராசில் வைத்தார், பில்லிலும் கனத்தை எழுதிக் கொடுத்தார். பில்லில் கனம் எழுதாத கடையில் வாங்காதீர்கள்.

6. ஷீட் ஏற்றும் நாள்

2 அங்குலத்துக்கு 1 அங்குலச் செவ்வகக் குழாய் ஏழு வேண்டும்: சாய்வாகப் போக மூன்று, அவற்றின் மேல் குறுக்கே நான்கு. அறுத்து மிஞ்சும் துண்டுகளை எடைக்குப் போட விடாதீர்கள். தூணுக்கும் சட்டத்துக்கும் இடையே மூலையில் சாய்வு முட்டாகப் பற்றவைக்க அவை அப்படியே பயன்படும். பற்றவைத்த இடங்களில் துருத் தடுப்புப் பெயிண்ட் அடிப்பதை மாலைக்கு என்று ஒத்திவைத்தால் நடக்காது, நின்று அடிக்கவைத்துவிடுங்கள்.

ஷீட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மேற்கு ஷீட்டும் தனக்குக் கிழக்கே இருப்பதன் மேல் ஏறி உட்காரும். அப்போது விளிம்பு கிழக்கே பார்க்கும், மேற்குக் காற்று நகம் வைத்துத் தூக்க இடம் இருக்காது. ஆட்கள் தங்களுக்கு வசதியான பக்கத்திலிருந்து தொடங்கிவிடுவார்கள், முதல் ஷீட்டுக்கே பக்கத்தில் நில்லுங்கள்.

ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடிப்பதா, பள்ளத்தில் அடிப்பதா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பள்ளத்தில் பிடி கூடுதல், ஆனால் ஓட்டை தண்ணீர் ஓடும் பாதையில் விழுகிறது. வாஷர் வெயிலில் வெடித்தால் ஒழுகும். நான் மேட்டில் அடித்து, நான்கு ஓரங்களிலும் ஸ்க்ரூவை இரட்டிப்பாக்கினேன். காற்று கிளப்புவது ஓரத்தைத்தான். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும், பிதுங்கினால் அது அன்றைக்கே செத்துவிட்டது.

வடக்கு இறவாரம் ஒன்றே முக்கால் அடி, தெற்கே ஓரடி. வடக்கு நுனி ஐந்தரை அடி உயரத்துக்குச் சற்று மேலேதான் வரும். விளிம்பில் ஒரு பழைய ரப்பர் குழாயைக் கீறிச் செருகுங்கள். என் நெற்றியில் இருக்கும் கோடு அதைச் செருகுவதற்கு முந்திய வாரத்தது.

7. பக்கங்கள்

தார்ப்பாயை இங்கே பயன்படுத்துங்கள், பக்கப் படுதாவாக. ஆனால் மேலிருந்து தொங்கவிட்டு முழுதும் மூடாதீர்கள். கறிக்கோழிப் பண்ணைகளில் பாருங்கள்: படுதா கீழிருந்து மேலே ஏறும், திறப்பது எப்போதும் மேல் பக்கம். சாரல் கீழே தடுக்கப்படும், நாற்றமும் ஈரக்காற்றும் மேலே வெளியேறும். நான் முதல் ஆண்டு நாலு பக்கமும் இறுக மூடினேன். இரண்டாம் நாள் உள்ளே போனதும் கண் எரிந்தது. அது எச்சத்திலிருந்து வரும் அமோனியா. நமக்குக் கண் எரியும்போது, தரையோடு தரையாக மூக்கை வைத்திருக்கும் கோழிக்கு என்ன ஆகியிருக்கும்?

வலையைப் பொறுத்தவரை கீழ் இரண்டடிக்கு அரை அங்குல வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பிவலை), மேலே சாதாரணக் கோழிவலை. கீரிக்கு அது போதும்.

மார்கழிப் பனி இங்கேதான் வருகிறது. மேகமில்லாத இரவில் தகரம் சில்லிட்டு, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன் அடியில் நீராகக் கோத்து, விடியும்போது உமியில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று நான் வெல்டரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன், பாவம். தெற்கு உயரப் பக்கத்தின் மேல் ஓரடியை எப்போதும் திறந்தே வைத்ததும் பெரும்பாலும் நின்றுவிட்டது.

8. கூரைத் தண்ணீர் எங்கே போகும்

இந்தக் கூரையின் பரப்பில் 5 செ.மீ. மழைக்கு ஏறக்குறைய 950 லிட்டர் தண்ணீர் வடக்கே கொட்டும். நேராகத் தரையில் விழுந்தால் கல்வரிசையின் அடியையே அரிக்கும். 4 அங்குல பிவிசி குழாயை நெடுக அறுத்து இறவாரத்தில் தொங்கவிட்டு, ஒரு நுனியை இரண்டு அங்குலம் தாழ்த்தி, வாழைக்குழிக்குத் திருப்பினேன். பீப்பாயில் பிடிப்பதாக இருந்தால் கொசு நுழையாத மூடி போடுங்கள். கோழி அம்மையைக் கொசுவும் பரப்பும். கூரை போட்டு ஒரு நோயைத் தடுத்து, பீப்பாய் வைத்து இன்னொன்றை அழைக்க வேண்டாம்.

எந்தக் கூரைக்கும் ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த இரண்டு நாட்களில், எங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கூரை அசையவில்லை. தரை, உமி, தட்டி எல்லாம் முங்கின. நான்கடி உயரத்தில் குறுக்கே கட்டியிருந்த பரண் கம்பில் ஏறிய கோழிகள் அத்தனையும் பிழைத்தன. தரையில் கூடையில் கவிழ்த்திருந்த ஏழு குஞ்சுகள் போயின. ஆகவே பரண் கம்பு ஒன்று கட்டாயம் கட்டுங்கள்; மழை எச்சரிக்கை வந்தால் தாயையும் குஞ்சுகளையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள், யார் என்ன சொன்னாலும்.

9. செலவு

2023 ஆவணியில் நான் கொடுத்தது:

ஜி.ஐ. குழாய் 3: ரூ.4,500
செவ்வகக் குழாய் 7: ரூ.7,350
கலர் ஷீட் 5: ரூ.9,100
ஸ்க்ரூ, வாஷர்: ரூ.600
சிமெண்ட், ஜல்லி, எம் சாண்ட்: ரூ.1,950
ஹாலோ பிளாக் 36: ரூ.1,440
சரள் ஒரு லோடு: ரூ.2,500
வெல்டரும் உதவியாளும், இரண்டு நாள்: ரூ.4,000
பிவிசி குழாய், ஓலைத் தட்டி, படுதா: ரூ.2,300

ஆகமொத்தம் ரூ.33,740. குழி தோண்டியதும் சரள் இடித்ததும் நானும் அத்தானும். அதற்கு ஆள் வைத்தால் இரண்டு நாள் கூலி கூடும். இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறும், வாங்கும் அன்று இரண்டு கடையில் கேளுங்கள். குறைக்க வேண்டுமானால் பரப்பைக் குறையுங்கள், ஷீட்டின் கனத்தைக் குறைக்காதீர்கள்.

20 கோழிக்கு முப்பத்துமூன்றாயிரமா என்று அத்தான் கேட்டார். முட்டை விற்று இந்தப் பணத்தை எடுக்க நாளாகும் என்பது உண்மை. ஆனால் 2022 கார்த்திகையில் மட்டும் பதினோரு கோழிகளைப் புதைத்தோம். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

10. எப்போது தொடங்குவது

ஆவணி. ஆனி, ஆடியில் ஷீட்டைத் தூக்கினால் அது பாய்மரம். ஆளோடு இழுத்துப் போகும். ஐப்பசியில் குழி தோண்டினால் தண்ணீர்தான் ஊறும், வெல்டரும் தீபாவளி வேலைகளில் கிடைக்க மாட்டார். ஆடியிலேயே புலப்படம் பார்ப்பது, சரள் சொல்லி வைப்பது, வெல்டருக்கு முன்பணம் கொடுப்பது ஆகியவற்றை முடியுங்கள். ஆவணி முதல் வாரம் தரையும் தூணும், ஏழு நாள் இடைவெளி, பிறகு இரண்டு நாளில் கூரை. புரட்டாசியில் மாலை இடிமழை வந்தால் அது உங்களுக்குச் சோதனை ஓட்டம்.

அந்த இடைவெளியில் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமை காலையில் போடுகிறார்கள். பிப்ரவரியில் இருவார முகாம் நடக்கும், ஆனால் அதற்காக மழைக்காலம் முடியக் காத்திருக்காதீர்கள்.

11. முதல் மழையன்று

வீட்டுக்குள்ளிருந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். குடை பிடித்துக்கொண்டு அடைப்புக்குள் போய்க் கால்மணி நேரம் நில்லுங்கள். கையில் ஒரு சாக்குக்கட்டி இருக்கட்டும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே குழாயில் கோடு போடுங்கள், சாரல் எட்டும் தூரத்தைக் கல்வரிசையில் குறியுங்கள், தண்ணீர் எந்த மூலையில் நுழையப் பார்க்கிறது என்று கவனியுங்கள். மழை விட்டால் எல்லாத் தடமும் காய்ந்துவிடும். எனக்குச் சாரல் கிழக்கு ஓரத்தில் மூன்றடி வந்தது. மறுநாளே அங்கே ஒரு படுதா கட்டினேன், முப்பது நிமிட வேலை.

ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசி முடிவதற்குள், மேலே ஏறி ஸ்க்ரூக்களைப் பார்த்து வெடித்த வாஷர்களை மாற்றுங்கள். ஏறும்போது ஸ்க்ரூ வரிசையின் மேலேயே கால் வையுங்கள், கீழே சட்டம் இருப்பது அங்கேதான். இடையில் வைத்தால் ஷீட் அமுங்கும். என் இடது காலின் தடம் மூன்றாவது ஷீட்டில் இருக்கிறது. மழை விட்ட பிறகும் அந்தக் குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது.